குறுங்கோல், நிற்பது உட்பட

உயிரின் விலை பன்னிரண்டு. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. கிருமி வடிவ நிர்ணய வாரியத்தின் முகப்புச் சுவரில், நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கும்படி எழுதியே மாட்டியிருந்தார்கள். வடிவம் பார்க்க முப்பது. பெயர் வைக்க அறுபது. வைத்த பெயர் பிடிக்காமல் மேல்முறையீடு செய்ய நூற்றைம்பது. கடைசி வரியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியது: அவசரம், உயிர் சம்பந்தப்பட்டது, கூடுதலாகப் பன்னிரண்டு.

பொத்தான்காரர் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தார். முப்பது வருஷமாகப் பேரம் பேசியே வயிறு வளர்த்த மனுஷன் அவர். எந்த விலையைக் கேட்டாலும் பாதிக்குக் கேட்டுவிட்டுத்தான் அவர் நாக்கு வாய்க்குள் திரும்பும். அன்றைக்கு அது எழுந்திருக்கவே இல்லை. பன்னிரண்டையும் சேர்த்து எண்ணி வைத்தார். ரசீதில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

கடைத்தெருவில் அவருடையது ஆறடி அகலக் கடை. சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், எலும்புப் பொத்தான், சிப்பிப் பொத்தான் என்று தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். கல்லாவுக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்து, பொத்தான்களை அட்டையில் டஜன் டஜனாகத் தைப்பாள். கடைக் கணக்கையும் அவளே எழுதுவாள். அவர் எழுத்தை அவராலேயே படிக்க முடியாது. அவருக்கு ஒரு வியாதி உண்டு. தப்பான தட்டில் ஒரு பொத்தான் கிடந்தால் அவருக்குக் கண் பொறுக்காது. வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு அதை எடுத்து அதன் தட்டில் போட்ட பிறகுதான் மறுபேச்சு. மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முதலாகச் சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சம்பந்தியின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு இனம் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். சம்பந்தி இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி வாயே திறக்கவில்லை. கதவைப் பூட்டியபிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்: "உங்க வாய்க்கு ஒரு பொத்தான் தைக்கணும். அளவுதான் கிடைக்கல."

அந்த மனைவியின் வலது பெருவிரலில்தான் ஊசி குத்தியது. அட்டை தைக்கிற ஊசி. மாசத்துக்கு இரண்டு தடவை குத்துவதுதான். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மிச்ச டஜனை முடித்தாள். மூன்றாம் நாள் விரல் வீங்கிப் பழுத்த மிளகாய் மாதிரி ஆயிற்று. நாலாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவத்தில் ரேகை கேட்டார்கள். வலது பெருவிரல்தான் வேண்டும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீங்கின விரலையே மையில் தோய்த்து வைத்தாள்.

வார்டு டாக்டரம்மா சின்ன வயசு. சிவப்பு மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. டாக்டரம்மா அந்த எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினாள். சீழில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, பொத்தான்காரர் கையில் கொடுத்தாள். மருந்து இருக்கிறது, நல்ல மருந்து, இன்றைக்கே போட்டால் இந்தக் கோட்டோடு நின்றுவிடும் என்றாள். ஆனால் எதிர்க் கட்டடத்து வாரியம் கிருமிக்கு வடிவம் பார்த்துப் பெயர் வைத்துச் சீட்டுக் கொடுத்தால்தான் மருந்து ஜன்னலில் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள்.

"பேர் வைக்காட்டி அது கடிக்காதாம்மா?" என்று கேட்டார் பொத்தான்காரர்.

டாக்டரம்மா பேனாவை மூடினாள்.

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷனாக இருந்தால் ஏதாவது கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கலாம். அவர் பொத்தான்காரரை உள்ளேயே கூப்பிட்டு அலமாரியைக் காட்டினார். மூன்று இழுப்பறை. ஒன்றில் உருண்டை என்று எழுதியிருந்தது, ஒன்றில் கோல், ஒன்றில் சுருள். நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமிகள் இந்த மூன்றில் ஒரு வடிவமாகத்தான் இருக்கும், பெயரும் அதை ஒட்டியே வைப்பார்கள் என்று விளக்கினார். உருண்டைக்குக் காக்கஸ், கோலுக்குப் பேசில்லஸ், சுருளுக்கு ஸ்பைரில்லம். உருண்டை சங்கிலியாக நின்றால் ஒரு முன்பெயர், கொத்தாக நின்றால் வேறு முன்பெயர், ஜோடியாக நின்றால் இன்னொன்று. பொத்தான்காரருக்கு இது பிடித்திருந்தது. தம் கடை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தார்.

பிறகு ஜன்னல்காரர் உருண்டை இழுப்பறையிலிருந்து ஒரு புட்டியையும் கோல் இழுப்பறையிலிருந்து ஒரு புட்டியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே புட்டி. அதே மூடி, அதே நிறம், அதே கம்பெனி, அதே தயாரிப்புத் தேதி.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் பொத்தான்காரர்.

"ஒண்ணேதான். உருண்டையையும் கொல்லும், கோலையும் கொல்லும். ஆனா எதுலேர்ந்து கழிக்கறதுன்னு தெரியாம நான் எப்படிங்க எடுத்துக் குடுக்கறது?"

பொத்தான்காரர் தொழில் புத்தியைக் காட்டினார். பாதிப் புட்டி இதில், பாதிப் புட்டி அதில் கழித்துக்கொள்ளலாமே என்றார். இல்லாவிட்டால் இன்றைக்கு இதில் எடுத்துவிட்டு, பெயர் வந்ததும் அதற்கு மாற்றி எழுதலாமே என்றார். ஜன்னல்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எல்லாமே நியாயம்தான், ஆனால் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றார். வெளியில் எந்தக் கடையிலும் அந்த மருந்து கிடையாது. வாரியத்தின் பூட்டுக்குள் மட்டும்தான். இரண்டு புட்டிகளும் பொத்தான்காரர் கண் முன்னாலேயே அதனதன் இழுப்பறைக்குத் திரும்பின.

வாரியத்தில் தரைத்தளம் உருண்டைப் பிரிவு. அதன் அதிகாரி குச்சி மாதிரி ஒல்லி. கண்ணாடித் துண்டில் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, நீளமாகத் தெரிவதாகச் சொன்னார். கொஞ்சம்தான் நீளம், ஆனாலும் நீளம். உருண்டையும் இருக்கிறதே என்று உதவியாளர் சொன்னதற்கு, சந்தேகம் என்று வந்துவிட்டால் உருண்டைப் பிரிவு கை வைக்காது என்றார். அதை ஒரு குறையாக நினைத்துவிடக் கூடாது என்று பொத்தான்காரரை உட்கார வைத்துப் புரியவும் வைத்தார்.

"இருபத்தேழு வருஷமா இந்தப் பிரிவுல ஒரு தப்பு நடந்ததில்ல. எப்படின்னு கேளுங்க. தப்பா போயிடுமோன்னு தோணுற எதையும் நாங்க எடுத்துக்கறதில்ல. போன வருஷம் வந்தது நானூறு. எடுத்துக்கிட்டது ஒன்பது. ஒன்பதும் சரி. நூத்துக்கு நூறு."

மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் என்ன ஆனார்கள் என்று பொத்தான்காரர் கேட்டார். அது புள்ளிவிவரப் பிரிவு, வேறு கட்டடம் என்றார் அதிகாரி.

முதல் மாடி கோல் பிரிவு. அதன் அதிகாரி உருண்டையான மனுஷர். அவர் மேசையில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு விதி இருந்தது: அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் கோல். அளந்து பார்த்தார்கள். ஒன்றே முக்கால் ஒன்று கிடைத்தது, ஒன்றேகால் ஒன்று கிடைத்தது, நீளமே இல்லாத உருண்டைகளும் கிடைத்தன. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பேசில்லஸ் என்ற சொல்லுக்கே கோல் என்றுதான் அர்த்தம், அந்தப் பெயருக்கு ஒரு பாரம்பரியம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். இந்தக் குட்டையையெல்லாம் சேர்த்துக்கொண்டால் நாளைக்கு மாநாட்டில் மற்ற கோல்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று வருத்தப்பட்டார். நோயாளிக்கு எந்த இடத்தில் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார். கை என்றதும், கை நல்லது, கையில் வந்த கோல்கள் பொதுவாக நேராக இருக்கும் என்றார்.

கோல் பிரிவு கீழே போகச் சொன்னது. கீழே மேலே போகச் சொன்னார்கள். இரண்டு நாளில் பொத்தான்காரர் அந்தப் படிகளில் பதினான்கு தடவை ஏறி இறங்கினார். படி இருபத்திரண்டு என்று எண்ணியும் வைத்தார். எண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

இரண்டாவது மாடியில் சுருள் பிரிவு. அங்கே யாரும் போகச் சொல்லவில்லை. வழி தவறிப் போனார். உள்ளே பன்னிரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இவர் கையில் பெட்டியைக் கண்டதும் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தேநீர் கொண்டு வந்தார். சுருள் கிருமி வருஷத்துக்கு மூன்றோ நாலோதான் வருகிறது, இப்படியே போனால் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று அதிகாரி தழுதழுத்தார்.

"கொஞ்சமாவது வளைஞ்சிருக்கா பாருங்க. ஒரு காற்புள்ளி அளவுக்குப் போதும். நாங்க எடுத்துக்கறோம். சீட்டு இன்னிக்கே கையில."

வளைவு இல்லை என்றால் கண்ணாடித் துண்டைத் தீயில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் தானே சுருண்டு கொடுக்கும், அதற்குத் தனிக் கட்டணம்கூட இல்லை என்று காதோடு சொன்னார். பொத்தான்காரருக்கு வாயில் எச்சில் ஊறியது. முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் ஒருவர் இவருடைய கிருமியை வேண்டும் என்கிறார். ஓடிப் போய் மருந்து ஜன்னலில் கேட்டார். சுருள் இழுப்பறையில் இருப்பது வேறு மருந்து, இந்தக் கைக்கு அதைப் போடுவதும் தண்ணீர் போடுவதும் ஒன்று என்றார் ஜன்னல்காரர். பொத்தான்காரர் திரும்பி வந்து சுருள் பிரிவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெட்டியை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

வார்டில் மூன்றாவது கோடு போட்டிருந்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல். மனைவிக்குக் காய்ச்சல் கண்ணில் தெரிந்தது, பேச்சில் தெரியவில்லை.

"என்னங்க, பேர் வச்சாச்சா?"

"பாத்துக்கிட்டிருக்காங்க."

"நம்ம பொண்ணுக்குப் பேர் வைக்க உங்க அம்மாவும் எங்க அம்மாவும் சண்டை போட்டாங்களே, அது மூணு நாள்ல முடிஞ்சுது. இதுக்கு என்ன, சொத்து ஏதாவது எழுதி வைக்கப் போறாங்களா?"

அவர் சிரிக்க முயன்றார். அவள் சிரிக்காமல் தன் கையைப் பார்த்தாள். கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, துணி அளக்கிற முழக்கோல் மாதிரி ஏறியிருந்தன. மாசக் கணக்கு எழுதவில்லையே, மொத்த வியாபாரி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார் அவர்.

அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு பலன் இருந்தது. அவசரக் கட்டணம் கட்டியவர்களுக்கு நாலாம் நாள் கூட்டு அமர்வு உண்டு. உருண்டைப் பிரிவும் கோல் பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே கண்ணாடித் துண்டில் நூறு கிருமியை எண்ண வேண்டும். எந்தப் பக்கம் ஐம்பத்தொன்று விழுகிறதோ அந்தப் பக்கத்துப் பெயர். வாரியத் தலைவரே தலைமை தாங்குவார். தலைவர் மாநாடு ஒன்றிலிருந்து நேராக வந்திருந்தார்; கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணினார்கள். ஒன்று, கோல். இரண்டு, உருண்டை. மூன்று, உருண்டை. உதவியாளர் பலகையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். பகல் பூராவும் எண்ணினார்கள். நூறு முடிந்தபோது இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. நூற்றொன்றாவதை எண்ண விதியில் இடம் இல்லை.

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, சமமாக வந்தால் நாணயம் சுண்டலாம் என்ற பிரிவை எடுத்துப் படித்தார். அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பொத்தான்காரருக்கு எல்லாரையும்விட அதிகமாக வந்தது. தலை விழுந்தால் உருண்டை, பூ விழுந்தால் கோல். எது விழுந்தாலும் அதே புட்டி. இன்னும் அரை மணியில் மருந்து அவள் உடம்பில் இருக்கும். தலைவரிடம் நாணயம் இல்லை, அதிகாரிகளிடமும் இல்லை. பொத்தான்காரர் தம் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் கொடுத்த காசுகளில் அது ஒன்று.

தலைவர் நாணயத்தைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துக்கொண்டார். அப்போது உதவியாளர் குறுக்கிட்டு, சுண்டுவதற்கு முன்னால் மனுதாரர் ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். வெறும் சடங்குதான் என்றார் தலைவர். நாணயம் நகத்தின் மேலேயே இருந்தது.

பொத்தான்காரர் குனிந்து பார்த்தார்.

முதலில் வெறும் ஊதா மங்கல். பிறகு கண் பழகியது. சின்னச் சின்னதாக ஊதாப் பொட்டுகள், ஊதாக் குச்சிகள். நாலு நாளாக இவரைப் படியேற்றிப் படியிறக்கின சாமான்கள். பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கடையில் கடைசித் தட்டு ஞாபகம் வந்தது. தடிமனான கோட்டுக்கு வைக்கிற கட்டைப் பொத்தான், சின்னப் பீப்பாய் மாதிரி இருக்கும். தட்டில் கொட்டினால் சிலது படுத்துக்கொள்ளும், சிலது எழுந்து நின்றுகொள்ளும். படுத்தது குச்சியாகத் தெரியும். நிற்பது மேலேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு உருண்டையாகத் தெரியும். கடைக்கு வந்த புதிதில் மனைவியும் நிற்பதையெல்லாம் பொறுக்கி உருண்டைத் தட்டில் போட்டாள்; அவர்தான் எடுத்துக் காட்டித் திருத்தினார். இங்கே ஐம்பது பொத்தான் தப்பான தட்டில் கிடந்தது. அவருடைய கண் பொறுக்கவில்லை.

"அய்யா, இது ரெண்டு ஜாதி இல்லீங்க, ஒண்ணுதான். இந்த ஐம்பதும் நின்னுக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

உருண்டை அதிகாரி வந்து பார்த்தார். கோல் அதிகாரி வந்து பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பிரிவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிற்று. தலைவரும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. இத்தனை வருஷத்தில் உருண்டை என்று எழுதியதில் எத்தனை நின்றுகொண்டிருந்ததோ என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நாணயத்தை நகத்திலிருந்து எடுத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

பொத்தான்காரர் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். தாம் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். வயசாகிவிட்டது, கண் சரியில்லை, படித்தவர்கள் முன்னால் வாய் தவறி உளறிவிட்டேன் என்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குச் சம்மதம், சுண்டுங்கள் என்று கெஞ்சினார்.

"தெரியாதப்ப சுண்டறது விதி," என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "தெரிஞ்சப்புறம் சுண்டறது மோசடி. நீங்க சொன்னது உண்மைங்க. உண்மையை வச்சுக்கிட்டு நாங்க எப்படி அவசரப்படறது?"

அங்கேயே, அந்த மேசையிலேயே, கிருமிகளின் நிலை குறித்து ஆராய நிலைக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் பதினொரு பேர். மூன்று வாரத்தில் அறிக்கை. நாணயம் ஒரு உறையில் போட்டு ஒட்டப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டது.

நிலைக் குழுவின் முதல் கூட்டத்தில் நிற்பது என்றால் என்ன என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், சாய்ந்திருப்பதை நிற்பதில் சேர்ப்பதா, படுத்ததில் சேர்ப்பதா என்று விவாதித்தார்கள். ஒரு உறுப்பினர், கிருமிக்குக் கால் இல்லாதபோது நிற்கிறது என்று எழுதுவது அறிவியலுக்கு அடுக்குமா என்று கேட்டு வெளிநடப்புச் செய்தார். பொத்தான்காரர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சுருள் பிரிவு அதிகாரியும் ஒரு உறுப்பினர். வெளியே வரும்போது மட்டும் இவரைப் பார்த்து, அன்றைக்கே என்னிடம் விட்டிருக்கலாம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா ஒரு காரியம் செய்தாள். வெறும் தாளில் தானே கோல் என்று எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். ஜன்னல்காரர் கை இழுப்பறை வரை போயிற்று. இழுப்பறையும் பாதி திறந்தது. முத்திரை, என்று அவர் வாய் முணுமுணுத்தது. இழுப்பறையை மூடினார். மறுநாள் டாக்டரம்மாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: மருத்துவத் தகுதி மட்டும் உள்ள ஒருவர் வடிவம் நிர்ணயித்தது எப்படி?

ஆறாவது கோடு முழங்கையைத் தொட்டது. அறுவை டாக்டர் வந்து பார்த்தார். அவருடைய துறையில் வடிவம் பார்க்கிற வழக்கம் இல்லை; எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்பார்கள். மறுநாள் காலை, முழங்கையோடு சேர்த்துக் கையை எடுத்துவிட்டார்கள்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது, தங்க ஓரம் வைத்தது. நிலைக் குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டு, புதிய பெயர் வெளியிடப்படுகிறது. முதல் பயனாளி என்ற முறையில் நோயாளி மேடைக்கு வந்து சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். போகவேண்டாம் என்றார் பொத்தான்காரர். ரொம்ப அழுத்திச் சொன்னார். அவர் அவ்வளவு அழுத்தினதாலேயே அவளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. சுருள் பிரிவு பன்னிரண்டு பேரும் முன் வரிசையில் இருந்தார்கள். வாரியத்துக்குப் புதிதாக ஒரு பிரிவு வரப்போகிறது, அதற்கு ஆள் வேண்டும் என்று பேச்சு. தலைவர் பெயரை வெளியிட்டார்: குறுங்கோல், நிற்பது உட்பட. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தப் பெயருக்குப் பின்னால் வாரியத்தின் உழைப்பு மட்டும் இல்லை, ஒரு சாமானியரின் கூர்மையும் இருக்கிறது என்று தலைவர் தொடர்ந்தார். பொத்தான்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு நாணயம் என் நகத்து மேலே இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தா சுண்டியிருப்பேன். உருண்டைன்னோ கோல்ன்னோ ஒரு சீட்டைக் குடுத்து இவங்களை அனுப்பி வச்சிருப்போம். அந்த அவமானத்துலேர்ந்து இந்த வாரியத்தைக் காப்பாத்தினவர் இதோ இங்க உட்கார்ந்திருக்கார். எந்திரிச்சு நில்லுங்க அய்யா. எல்லாரும் பாக்கட்டும்."

பொத்தான்காரர் எழுந்து நின்றார். மண்டபம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவள் தட்டவில்லை. அவளுக்குத் தட்ட வழியும் இல்லை.

அவர் உட்கார்ந்ததும் அவள் மேடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சுண்டியிருந்தா?"

"எது விழுந்தாலும் ஒரே மருந்துதான்."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள், இருவரும் போனார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் உதவியாளர் பதிவேட்டை விரித்து மைப் பெட்டியைத் திறந்தார். சேர்க்கைப் படிவத்தில் உள்ள ரேகையோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் வலது பெருவிரல் என்றார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். உதவியாளர் திறமைசாலி, உடனே வழி கண்டுபிடித்தார். எடுத்த கை வாரியத்திடம்தான் இருக்கிறது, மூன்றாவது மாடியில் மாதிரிகளைப் பாதுகாக்கும் அறையில், 'கோல், கிளைத்தது' என்ற தலைப்பின் கீழ்ப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கினால் அங்கேயே ரேகை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "பேரை நீங்களே வச்சுக்கங்க."

சான்றிதழ் பதிவேட்டுக்குள் திரும்பிப் போயிற்று. ஆனால் வெளியே வரும்போது மருந்து ஜன்னல்காரர் ஓடி வந்து வழி மறித்தார். பெயர் வந்துவிட்டதால் கோல் இழுப்பறையிலிருந்து ஒரு புட்டி கழித்தாகிவிட்டது, கழித்ததைத் திரும்ப உள்ளே வைக்க விதி இல்லை, தயவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொத்தான்காரர் வாங்கிக்கொண்டார். அதே புட்டி. அதே மூடி.

மறுநாள் கடை திறந்தார்கள். அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கணக்கு நோட்டை இழுத்து, இடது கையில் பேனாவைப் பிடித்தாள். எழுத்து கோணிக்கோணி, எறும்பு ஊர்ந்த மாதிரி விழுந்தது. ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் எதிரே கட்டைப் பொத்தான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டில் ஏழெட்டு நின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட அவள் எழுந்து உள்ளே போன பிறகு நோட்டை எட்டிப் பார்த்தார்.

வரவு: மருந்து, ஒரு புட்டி, பிரிக்காதது. கைதட்டல், ஒரு தடவை.

செலவு: வடிவத்துக்கு முப்பது. பெயருக்கு அறுபது. அவசரத்துக்குப் பன்னிரண்டு. நாணயம் ஒன்று, கோப்பில். கை ஒன்று, மூன்றாவது மாடியில்.

பாக்கி: பொத்தான் ஒன்று. அளவு தெரிந்துவிட்டது.